லக்ஸம்பர்க் நாடும் அதன் மெய்யான அரணும்

பெரியதெல்லாம் சிறந்தது, சிறியதெல்லாம் எளியது என்று எண்ணுவது மக்களியல்பு. தேசப்படத்தை விரித்து வைத்தால் நம் கண் முதலிற் செல்வது பரந்த நிலப்பரப்புகளின் மேலேயாம். வரலாறு பயிலும் நாமும் பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஊன்றிப் படிக்கின்றோம். படத்திற் பெயர் எழுதவும் இடம் போதாத நாடுகளைக் கடந்து சென்றுவிடுகின்றோம். ஆயினும், ஒரு மக்கட்கூட்டத்தை நாடாக்குவது யாது என்னும் வினாவிற்கு விடை தேடுவோர் அதனைச் சிறு நாடுகளிடத்திலேயே தெளிவாகக் காணலாம். பெருநாட்டிற்குப் பரப்புண்டு, படையுண்டு, பொருளுண்டு. அவற்றுள் எது அதனைக் காத்தது என்று பிரித்தறிதல் அரிது. சிறு நாட்டிற்கு இவை இல்லை. இல்லாதிருந்தும் அது நிலைத்து நிற்குமாயின், அதனைத் தாங்குவது யாதோ அதுவே நாட்டின் உயிர்நிலை என்று துணியலாம். இக்கருத்தை உளத்துட்கொண்டு, கடற்கரை சிறிதுமில்லாத லக்ஸம்பர்க் என்னும் நாட்டைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

லக்ஸம்பர்க் மேற்கு ஐரோப்பாவில் உள்ளது. அதற்குக் கிழக்கே ஜெர்மனி, தெற்கே பிரான்ஸ், மேற்கிலும் வடக்கிலும் பெல்ஜியம். வடக்குத் தெற்காக அதன் நீளம் 82 கிலோமீட்டர். அகலம் 57 கிலோமீட்டர். பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றால் அதன் அளவு விளங்கும். மக்கட்டொகை ஏழு இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. வடபகுதி ஆர்டென் மலைத்தொடரைச் சார்ந்த காடும் மேடுமான நிலம். தென்பகுதி, ‘நல்ல நிலம்’ என்னும் பொருள்பட அந்நாட்டார் பெயரிட்டழைக்கும் வளமான வயற்பாங்கு. கிழக்கெல்லையில் ஓடும் மோஸல் ஆற்றின் கரைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக விளங்குகின்றன. உலகில் இன்று எஞ்சியிருக்கும் ‘கிராண்ட் டியூக்’ ஆட்சி இஃதொன்றே. 25 ஆண்டுகள் அரசிருந்த ஹென்றி முடி துறக்க, அவருடைய மைந்தர் கில்லோம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் பட்டமெய்தினார். எனினும் நாட்டை நடத்துவது 60 உறுப்பினர் அடங்கிய நாடாளுமன்றமும் அதற்குப் பொறுப்புடைய அமைச்சருமே.

இந்நாட்டின் கதை ஒரு பாறையின்மேல் தொடங்குகின்றது. அல்ஸெட் என்னும் சிற்றாறு வளைந்தோடும் பள்ளத்தாக்கின்மேல் செங்குத்தாக எழுந்து நிற்பது ‘பொக்’ என்னும் பாறை. கி. பி. 963-ல் ஸீக்பிரீட் என்னும் சிற்றரசர், திரியர் நகரத்துத் துறவியர் மடத்தாருக்குத் தம் நிலங்களுட் சிலவற்றைக் கொடுத்து, அப்பாறையையும் அதன்மேலிருந்த சிறு கோட்டையையும் மாற்றாகப் பெற்றார். அவர் வழியில் எழுந்த லக்ஸம்பர்க் குலத்தார் பிற்காலத்தில் ஜெர்மானியப் பேரரசின் அரியணையிலும் அமர்ந்தனர். ஆனால் 1443-ல் பர்கண்டி நாட்டார் நகரைக் கைப்பற்றினர். அதன் பின்னர் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அந்நாட்டின் தலைவிதியைப் பிறரே எழுதினர். ஸ்பெயின் நாட்டார் ஆண்டனர், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1684-ல் பிடித்தார், ஆஸ்திரியர் ஆண்டனர், 1795-ல் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கொண்டனர்.

வந்தவரெல்லாம் செய்த வேலை ஒன்றே: கோட்டையை மேன்மேலும் பெருக்குதல். லூயி மன்னருடைய புகழ்பெற்ற கோட்டைக் கலைஞர் வோபான் அதனைப் புதுக்கினார். ஆஸ்திரியர் பாறையைக் குடைந்து நிலவறைப் பாதைகளை நீட்டினர். அவற்றின் மொத்த நீளம் 23 கிலோமீட்டர். ‘வடக்கின் ஜிப்ரால்டர்’ என்று ஐரோப்பா முழுவதும் அக்கோட்டையைப் புகழ்ந்தது. அப்புகழே அந்நாட்டின் இழவுமாயிற்று. கோட்டை வலியதாக வலியதாக, அதனை அடையவேண்டுமென்னும் ஆசை அயல் அரசர்க்கு மிகுந்தது. காவலென்று கட்டிய மதிலே பகைவரை அழைத்தது. 1815-ல் வியன்னா மாநாட்டார் லக்ஸம்பர்க்கை நெதர்லாந்து மன்னருக்கு உரியதாக்கி, கோட்டைக்குள்ளே பிரஷ்யப் படையை நிறுத்தினர். கீழ்பால் நிலம் பிரஷ்யாவிற்குச் சென்றது. 1839-ல் மேற்கே பாதிக்கு மேற்பட்ட நிலம் பெல்ஜியத்திற்குப் போயிற்று. எஞ்சியதே இன்றைய நாடு.

1867-ல் மற்றுமோர் இடர் வந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அந்நாட்டை நெதர்லாந்து மன்னரிடமிருந்து விலைக்கு வாங்க முயன்றார், பிரஷ்யா எதிர்த்தது, போர் மூளும் நிலை எய்திற்று. இலண்டனில் கூடிய வல்லரசுகள், மே மாதம் 11-ஆம் நாள் செய்த உடன்படிக்கையால் அதனைச் சுதந்தரமுடைய நடுநிலை நாடாக உறுதிசெய்து, பிரஷ்யப் படை வெளியேறவும் கோட்டை இடிக்கப்படவும் விதித்தன. அதனை இடித்து முடிக்க 1883 வரை பதினாறு ஆண்டுகள் சென்றன. நிலவறைகளுள் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளம் இன்றும் உண்டு. மதில் நின்ற காலமெல்லாம் அந்நாடு அடிமைப்பட்டிருந்தது. மதில் விழுந்தபோது தலைநிமிர்ந்தது. வள்ளுவர் அரணுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் சிறப்பெல்லாம் கூறிய பின்னர், செயற்சிறப்பு இல்லாதாரிடத்து அத்துணைச் சிறந்த அரணும் இல்லாததே என்று முடித்தார். அம்முடிபின் உண்மையை இப்பாறை மெய்ப்பிக்கின்றது.

மதிலின்றி நின்ற நாடு அன்று மிக வறியது. 19-ஆம் நூற்றாண்டில் பல்லாயிரவர் பிழைப்புத் தேடி அமெரிக்காவிற்குக் கப்பலேறினர். தெற்கே இரும்புக்கல் ஏராளமாகக் கிடந்தும், பாஸ்பரஸ் கலந்திருந்தமையால் நல்ல உருக்குச் செய்ய உதவவில்லை. ஆங்கிலேயராகிய கில்கிறிஸ்ட் தாமஸ் அக்குற்றத்தை நீக்கும் முறையைக் கண்டனர். லக்ஸம்பர்க் ஆலையார் 1879-லேயே அதன் உரிமையைப் பெற்றனர். கழிவாக நின்ற கசடும் எருவாகி வடபகுதி வயல்களை வளம்படுத்திற்று. உருக்காலைகள் எழுந்தன, ஜெர்மானியரும் இத்தாலியரும் வேலை தேடி வந்தனர். தம் மக்களை வெளியே அனுப்பிய நாடு, பிறர் மக்களை உள்ளே ஏற்கும் நாடாயிற்று.

நிற்க. மதில் போயிற்று, செல்வம் பின்னரே வந்தது. இடையில் அம்மக்களை ஒருமைப்படுத்தி நின்றது யாது? அவர்கள் வீட்டில் பேசிய எளிய மொழியே என்பது நம் கருத்து.

‘லெட்ஸபுர்கிஷ்’ எனப்படும் அம்மொழி ஜெர்மானிய இனத்தைச் சார்ந்தது. கற்றோர் அதனை நெடுங்காலம் மொழியென்றே மதித்திலர். உழவர் பேசும் கொச்சையென்றனர். சட்டம் பிரெஞ்சில், செய்தித்தாள் ஜெர்மனில், பள்ளியில் இவ்விரண்டுமே. 1896-ல் ஸ்பூ என்னும் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் தம் கன்னிப்பேச்சை அத்தாய்மொழியிற் பேசினார். தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் பேசும் மொழியிற் பேசுதல் தம் உரிமையென்பது அவர் கொள்கை. அவையோர் அதனை ஏற்றிலர். அம்மொழி அவையில் வழங்கலாகாது என்று முடிவு செய்தனர். அயலார் இழித்தது பெரிதன்று. சொந்த வீட்டாரே தம் தாயை வாயிலில் நிறுத்திய இச்செயலே நம் நெஞ்சைத் தைக்கின்றது. எனினும் 1872-லேயே மிக்கேல் ரோடாங்கே என்னும் புலவர் நரியைத் தலைவனாகக் கொண்ட ஒரு பெரிய நகைச்சுவைக் காப்பியத்தை அம்மொழியில் இயற்றி, அதனால் எதுவும் ஆகும் என்று காட்டியிருந்தார். 1912-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனைத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பாடமாக்கிற்று.

இம்மொழியின் வலிமை வெளிப்பட வேண்டிய நாள் விரைவில் வந்தது. 1914-ல் ஜெர்மானியர் நடுநிலைமை உடன்படிக்கையைப் பொருட்படுத்தாது உட்புகுந்தனர். 1940 மே மாதம் 10-ஆம் நாள், ஹிட்லரின் ஆட்சியில், மீண்டும் புகுந்தனர். இம்முறை அவர்கள் நாடியது நிலத்தை மட்டுமன்று. அம்மக்களை ஜெர்மானியராகவே மாற்றிவிட முனைந்தனர். பிரெஞ்சு மொழியைத் தடுத்தனர், தெருப்பெயர்களை மாற்றினர், மக்களின் பெயர்களையும் ஜெர்மானியப் பெயர்களாக்கினர். நாட்டை விட்டு நீங்கிய அரசி ஷார்லட், இலண்டன் வானொலி வாயிலாகத் தம் மக்களுக்குத் தாய்மொழியிலேயே ஆறுதல் மொழிந்தார்.

1941 அக்டோபர் 10-ஆம் நாளுக்கென ஒரு குடிக்கணக்கெடுப்பை ஆள்வோர் ஏற்படுத்தினர். அதில் மூன்று வினாக்கள் முதன்மையானவை: உன் நாட்டுரிமை யாது? தாய்மொழி யாது? இனம் யாது? லக்ஸம்பர்க் மொழி ஒரு வட்டாரப் பேச்சேயாதலின் அதனைத் தாய்மொழியாக எழுதலாகாது என்ற குறிப்பும் உடனிருந்தது. ‘ஜெர்மன்’ என்று மும்முறை எழுதிவிட்டால் நாட்டை இணைத்துக்கொள்ள அதுவே சான்றாகும் என்பது அவர் சூழ்ச்சி. எதிர்ப்பியக்கத்தார் துண்டுத்தாள்களை இரகசியமாக வழங்கி, மூன்றிற்கும் ‘லக்ஸம்பர்க்’ என்றே எழுதுமாறு மக்களை வேண்டினர். முன்னதாகச் சில படிவங்களைப் பார்த்தபோது, மிகப் பெரும்பாலோர் அவ்வாறே எழுதியிருக்கக் கண்டு ஆள்வோர் கணக்கெடுப்பையே கைவிட்டனர்.

இதன் அருமையை எண்ணிப் பார்ப்போமாக. துப்பாக்கியில்லை, படையில்லை, மதிலை இடித்து அறுபதாண்டுகள் ஆயின. படிவத்தில் எழுதிய ஒரு சொல்லே அவர்தம் கருவி. அச்சொல்லை எழுதிய கையை அடையாளம் காண்பது எளிது, தண்டிப்பதும் எளிது. அறிந்தே எழுதினர். பள்ளியிற் கற்பிக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்த, அவையில் ஒதுக்கப்பட்ட அந்தக் கொச்சைமொழியே அன்று அம்மக்களுக்கு அரணாயிற்று.

அதற்கு விலையும் கொடுத்தனர். 1942 ஆகஸ்டு 30-ஆம் நாள் இளைஞர் கட்டாயமாக ஜெர்மானியப் படையிற் சேரவேண்டுமென்ற ஆணை பிறந்தது. மறுநாளே வடக்கே வில்ட்ஸ் என்னும் ஊரில் வேலைநிறுத்தம் தொடங்கித் தெற்கே உருக்காலைகள் வரை பரவிற்று. இருபத்தொருவர் கொல்லப்பட்டனர். பதினாயிரத்திற்கும் மேற்பட்ட இளைஞர் பகைவர் சீருடையிற் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். அவருட் பலர் மீளவில்லை.

இங்கே நாம் ஒன்றை மறைத்தல் தகாது. ஒரு நாட்டைப் புகழ்வோர் அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டவர். அதே ஆண்டுகளில் லக்ஸம்பர்க்கிலிருந்த யூதர் துன்புறுத்தப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, பலர் மடிந்தனர். அக்கொடுமையில் உள்நாட்டு அலுவலரும் ஆள்வோர்க்குத் துணைநின்றமை ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. 2015-ல் அந்நாட்டு அரசாங்கமும் நாடாளுமன்றமும் யூத சமூகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டன. எழுபது ஆண்டுகள் கழித்தேனும் கேட்டனர். ‘நாம்’ என்று எழுதத் துணிந்த ஒரு மக்கள், அந்த ‘நாம்’ என்னும் சொல்லுள் யாவரை அடக்கினர், யாவரை விடுத்தனர் என்று தம்மையே வினவிக்கொண்டது மதிலைக் காப்பதினும் அரிய செயலாகும்.

அவ்வினா இன்றும் தீரவில்லை. போருக்குப் பின் 1948-ல் லக்ஸம்பர்க் நடுநிலைமையை நீக்கிற்று; 1952-ல் ஐரோப்பிய நிலக்கரி, உருக்குச் சமூகத்தின் தலைமையகம் அந்நகரில் அமைந்தது; இன்று ஐரோப்பிய நீதிமன்றம் அங்குள்ளது. 1985-ல் எல்லைச் சோதனைகளை நீக்கும் உடன்படிக்கை கையெழுத்தானதும் மோஸல் கரையிலுள்ள ஷெங்கன் என்னும் அந்நாட்டுச் சிற்றூரிலேயே. உருக்குத் தொழில் தளர்ந்த பின் வங்கித்தொழில் ஓங்கி, உலகின் மிகச் செல்வமுடைய நாடுகளுள் ஒன்றாக அதனை ஆக்கிற்று. பெருங்கம்பெனிகள் வரியைக் குறைத்துக்கொள்ள அந்நாடு இடங்கொடுத்தது என்னும் பழி 2014-ல் உலகறிய வெளிவந்தது. அதனையும் நாம் பாராட்டுதற்கில்லை. 2020 பெப்ருவரி 29 முதல் இரயில், டிராம், பஸ் ஆகியவற்றில் நாடெங்கும் கட்டணமின்றிச் செல்லலாமென்றதை மனமாரப் பாராட்டுகின்றோம்.

அந்நாட்டில் வாழ்வோருள் ஏறக்குறைய பாதிப்பேர் பிறநாட்டுக் குடிகள். அவருள் போர்த்துகேசியர் மிகப் பலர். அன்றியும், இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் நாள்தோறும் அயல்நாடுகளிலிருந்து எல்லை கடந்து வந்து வேலை செய்து மாலையில் மீள்கின்றனர். குழந்தைகள் முதலிற் பள்ளியில் லெட்ஸபுர்கிஷ் பேசுகின்றனர். ஜெர்மனில் எழுதப் படிக்கக் கற்கின்றனர். மேல்வகுப்பிற் பிரெஞ்சு வாயிலாகக் கணிதம் பயில்கின்றனர். வீட்டில் ஜெர்மனோடு தொடர்பேயில்லாத போர்த்துகேசியத் தொழிலாளியின் குழந்தைக்கு இம்முறை பெருஞ்சுமை. இதனையுணர்ந்து, 2022-ல் நான்கு பள்ளிகளில் பிரெஞ்சு வாயிலாக எழுத்தறிவிக்கும் சோதனை தொடங்கப்பட்டது.

1984-ல் லெட்ஸபுர்கிஷ் சட்டப்படி நாட்டுமொழியாயிற்று. 2023-ல் நடைமுறைக்கு வந்த திருத்திய அரசியலமைப்பிலும் அது இடம்பெற்றது. சட்டங்கள் இன்றும் பிரெஞ்சிலேயே. ஆனால் நாடாளுமன்ற விவாதம் லெட்ஸபுர்கிஷ்ஷில் நடக்கின்றது. ஸ்பூ பேசக்கூடாதென்று தடுத்த அவையிலேயே அம்மொழி அரசிருக்கின்றது. ஆயின், 2015 ஜூன் 7-ஆம் நாள், நெடுநாள் வாழும் பிறநாட்டாருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாமோ என்று மக்களை வினவியபோது, நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் ஆகாதென்றனர். மொழியும் அடையாளமும் கரைந்துபோமோ என்னும் அச்சம் அதற்கொரு காரணம்.

இவ்வச்சத்தை நாம் இகழோம். ஆனால் அதன் முடிவை ஒப்பவும் இயலவில்லை. மதிலாக உயர்ந்த கோட்டை அந்நாட்டைக் காக்கவில்லை என்பதை அவர்களே கண்டவர்கள். மொழியையும் மதிலாக்கினால் அதற்கும் அக்கதியே நேரும். இதனை உணர்ந்த செயல்களும் அங்கு உள்ளன. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அம்மொழியைக் கற்க விரும்பும் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் 200 மணிநேரம் வரை விடுப்பு உண்டு. 2017-ல் வந்த சட்டம், ஐந்தாண்டுகள் வாழ்ந்து, அம்மொழியைப் பேசவும் கேட்டறியவும் வல்லாரைக் குடிகளாக ஏற்கின்றது. ‘கற்றுக்கொள், பின் உள்ளே வா’ என்பதோடு நில்லாது, கற்பதற்கு வேண்டிய நேரத்தையும் கூலியையும் கொடுத்து அழைப்பதே மொழியை வாயிலாக்கும் வழி. அவ்வழியே நடக்குமாயின் அந்நாடு இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பது நம் துணிபு.

‘அச்சிறு நாட்டைக் காத்தது மொழியன்று; வல்லரசுகளின் பொறாமையும் உடன்படிக்கைகளுமே’ என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் ஒரு பாதி உண்மை. 1867-ல் காத்தது உடன்படிக்கையே. 1944-ல் மீட்டது நேசநாட்டுப் படையே. ஆயினும் உடன்படிக்கை இருமுறை கிழிந்தது. மீட்க வந்த படைக்கு மீட்பதற்கென்று ஒரு மக்கள் வேண்டுமன்றோ? 1941-ல் அம்மக்கள் மூன்று வினாக்களுக்கும் ஜெர்மன் என்று எழுதியிருப்பின், மீட்கப்பட வேண்டியது யாது என்றே உலகம் ஐயுற்றிருக்கும்.

அன்பர்களே! இக்கல்லூரியில் நாமும் ஆங்கிலத்திற் பாடங் கேட்டுத் தமிழில் நகைத்துப் பேசுகின்றவர்கள். பிறமொழி கற்றதனால் லக்ஸம்பர்க் மக்கள் தாழ்ந்திலர். மூன்று மொழியும் வல்லராயினர். தாய்மொழியைத் தாமே இழித்த காலத்திலேதான் தாழ்ந்தனர். அவர்தம் கதையில் நாம் கொள்ளத்தக்கது இவ்வளவே: எத்துணை மொழியாயினும் கற்போம், ஆனால், நீ யார் என்று உலகம் ஒரு நாள் படிவம் நீட்டி வினவும்போது எழுதுதற்குரிய சொல்லை மறவாதிருப்போம். அச்சொல்லைக் கற்க நம் வாயிலில் வந்து நிற்பவர் எவராயினும், அவருக்குக் கதவைத் திறந்து வைப்போமாக.